தீட்டுக்கு விலை 500 ரூபாய்

"நீங்க மதத்துக்கு விரோதிங்க. சாமியை இழிவு பண்றவங்க" என்று ஆத்தூர்க் கடைத்தெருவில் ஓர் அண்ணாச்சி நம்மைப் பார்த்துச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வாங்கிய வெற்றிலையைத் துண்டில் முடிந்துகொண்டே, தினமும் சொல்லிப் பழகிய வார்த்தையைப் போலச் சொன்னார். கொடிக்காலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு டீ குடிக்க வந்த இரண்டு கூலித் தோழர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். அண்ணாச்சிக்குப் பதில் சொல்லி ஆகப் போவது ஒன்றுமில்லை. தலையாட்டிய அந்த இருவருக்காகவே இதை எழுதுகிறோம்.

மதத்தை இழிவுபடுத்தியது யார்? உபதேசத்தைக் கேட்டு முடிவு கட்ட வேண்டாம். உபதேசத்தில் எல்லோரும் கடவுளின் பிள்ளைகள்தான். கோவில் வாசலில் என்ன நடந்தது என்று பார்த்து முடிவு கட்டுவோம்.

1897ஆம் வருஷம் ஜனவரி மாதம். சிகாகோவில் முழங்கிவிட்டு வந்த விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கினார். வரவேற்றவர் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. அந்தப் பயணத்துக்கு ஊக்கமும் உதவியும் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். சுவாமி அமர்ந்த வண்டியை ராஜாவே தம் கையால் இழுத்தார். ராமேஸ்வரம் கோவிலில் சுவாமி பேசினார். ஏழையிடத்தும் நலிந்தவனிடத்தும் நோயாளியிடத்தும் சிவனைக் காண்பவனே மெய்யாகச் சிவனை வணங்குகிறவன் என்பது அந்தப் பேச்சின் சாரம். நல்ல பேச்சு. நமக்கும் அதில் ஆட்சேபணை இல்லை.

நாலு மாதம் கழியவில்லை. அதே 1897, மே 14ஆம் தேதி. அதே சமஸ்தானத்தைச் சேர்ந்த கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோவிலுக்குள் நாடார் சமூகத்தார் சிலர் நுழைந்து சாமி கும்பிட்டார்கள். அவர்கள் செய்தது அவ்வளவுதான். உண்டியலை உடைக்கவில்லை, நகையைத் தொடவில்லை. சிவன் எல்லோருக்கும் பொது என்று சொன்னதை நம்பி உள்ளே போனார்கள்.

என்ன கிடைத்தது? வழக்குக் கிடைத்தது. கோவிலின் பரம்பரை தர்மகர்த்தா என்ற முறையில் அதே ராஜா மதுரைக் கோர்ட்டில் வழக்குப் போட்டார். கோவில் தீட்டுப்பட்டு விட்டதாம். சுத்தி செய்ய நஷ்ட ஈடு வேண்டுமாம். கோர்ட்டார் விசாரித்துத் தீட்டைக் கழிக்க 500 ரூபாய் என்று விலை போட்டார்கள். அந்தக் காலத்து 500 ரூபாய்! ஏழையிடத்துச் சிவனைக் காணச் சொன்னார் சாமியார். அந்தச் சிவனைக் காணப் போனவனிடம் பில் நீட்டினார் சாமியாரின் சீடர்.

ராஜா கெட்ட மனிதர் என்று நாம் சொல்ல வரவில்லை. தானதர்மத்துக்குப் பேர் போனவர். வழக்கு நடுவில் இருக்கும்போது அவரே சமரசத்துக்கு இறங்கி வந்தார். அப்போதும் வழக்கு நிற்கவில்லை. தர்மகர்த்தா மனம் மாறினாலும் வழக்கத்தை மாற்ற அவருக்கு உரிமையில்லை என்று ஆயிற்று. ஒருவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல விஷயம். கோவிலோடு நிலமும், நிலத்தோடு அந்தஸ்தும், அந்தஸ்தோடு அதிகாரமும் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும்போது ஒரு ராஜாவின் நல்ல மனசுக்கு எத்தனை காசு பெறுமானம்? வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1908இல் அங்கேயும் நாடார்களுக்குத் தோல்வி. வழக்கம்தான் சட்டம் என்றது வெள்ளைக்காரத் துரைமார் சபை. பைபிளைத் தொட்டுச் சத்தியம் வாங்குகிற தேசத்து நீதிபதிகள், சிவன் கோவிலுக்குள் யார் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள்!

இதற்கிடையில் 1899இல் சிவகாசி கொள்ளையும் நடந்தது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. ஆலயப் பிரவேச எதிர்ப்பில் மூண்ட நெருப்பு அது.

இந்து மதத்தின் வியாதி இது, நாங்கள் அப்படியில்லை என்று சர்ச்சுக்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். வடக்கன்குளத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1872இல் அங்கே கட்டிய கத்தோலிக்கக் கோவில், கால் இரண்டும் விரித்த கால்சட்டையைப் போன்றது. ஒரு சிறகில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள், மறு சிறகில் நாடார் கிறிஸ்தவர்கள். எல்லோருக்கும் ஒரே பீடம், ஒரே பூசை. ஆனால் இந்தப் பக்கத்தான் கண்ணில் அந்தப் பக்கத்தான் படக்கூடாது. மதம் மாறினார்கள், பெயர் மாறினார்கள். சாதியை மட்டும் ஞானஸ்நானத் தண்ணீர் படாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். 1910இல் கௌசானல் என்ற பாதிரியார் தடுப்பை இடித்தார். அவரைப் பாராட்டுவோம். தடுப்பு போனதே என்று கோர்ட்டுக்கு ஓடியவர்களும் ஞாயிறு தவறாமல் பூசை கண்டவர்களே.

நம் கரைக்கே வருவோம். ஆத்தூரிலிருந்து தாமிரபரணி கடலில் விழுகிற இடம் புன்னைக்காயல். 1536, 37இல் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தார். புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் நடையாய் நடந்தார். இந்த ஜனங்களைக் காப்போம் என்று சொல்லி வந்த போர்த்துக்கீசியக் கிறிஸ்தவ அதிகாரிகள் செய்ததென்ன? திருடுவது என்ற வினைச்சொல்லை எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் நடத்திக் காட்டுகிறார்கள் என்ற பொருளில் சவேரியாரே தம் தேசத்துக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

இன்னொன்றையும் கேளுங்கள். மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி பொறுக்கிய நம் ஜனங்கள் கட்டிய கப்பத்தில் ஒரு தொகை, போர்த்துகல் மகாராணியின் செருப்புச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. செருப்புச் செலவுக்கு! அந்தப் பணத்தை உபதேசியார்களுக்குச் சம்பளமாக விட்டுத்தர வேண்டும் என்று சவேரியார் ராணியிடம் கேட்டார், ராணியும் கொடுத்தார். மகானின் பெருமைக்கு இதைச் சாட்சியாகச் சொல்வார்கள். இருக்கட்டும். முத்துக்குளிக்கிறவன் எதற்காக அந்தப் பணத்தைக் கட்ட வேண்டும் என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை.

இதெல்லாம் பழங்கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்பார்கள். மாறித்தான் இருக்கிறது. 1939இல் மதுரை மீனாட்சி கோவில் திறந்தது, 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது, அரசியல் சாசனம் தீண்டாமையை ஒழித்தது. அதற்குப் பிறகுதான் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களை மறித்துச் சுவர் எழுந்தது. 2008 மே 6ஆம் தேதி அதில் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தபோது, அது பொறுக்காமல் குடும்பம் குடும்பமாக ஊரை விட்டு மலையடிவாரத்துக்குப் போனார்கள் மறுபக்கத்தார்.

அவ்வளவு தூரம் ஏன்? நம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நடப்பதைச் சொல்கிறோம், ஊர்ப்பெயர் வேண்டாம். அம்மன் கோவில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். கூலி இல்லாத மாதமென்றாலும் விடமாட்டார்கள். கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போனால் மறுநாளே பட்டியலில் பெயர் ஏறும். ஆனால் காலனிக்காரர்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்கிறோம் என்றாலும் வாங்கமாட்டார்கள். ஏன்? வரி வாங்கினால் உரிமை வந்துவிடும். சப்பரம் காலனித் தெருவுக்கு வர வேண்டும், பரிவட்டம் கட்ட வேண்டும், கணக்குக் கேட்டால் காட்ட வேண்டும். காசு காசு என்று பறக்கிற கமிட்டி காசு வேண்டாம் என்று சொல்கிற ஒரே இடம் அதுதான்!

இனி சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். அந்தக் கமிட்டியில் இருப்பவர்கள் எல்லோரும் பண்ணையார்களும் முதலாளிகளும் அல்ல. மில்லில் நமக்குப் பக்கத்து மிஷினில் நிற்கிற தோழரும் இருக்கிறார். சங்கத்தில் சந்தா கட்டுகிறவர், மே தினத்தில் கொடி பிடிக்கிறவர். ஷிப்டு முடிந்து ஊருக்குள் கால் வைத்ததும் அவர் வேறு ஆள். அவருடைய பாட்டனாரைத்தான் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கோவில் வாசலில் நிறுத்தி வைத்தார்கள். இன்று பேரன் இன்னொருவனை நிறுத்துகிறார். போனஸ் பேச்சுவார்த்தை என்று வரும்போது நிர்வாகம் முதலில் பார்ப்பது இந்தப் பிளவைத்தான். எந்தத் தெருக்காரனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் மற்றவன் கலைவான் என்ற கணக்கு அதற்கு நன்றாகத் தெரியும்.

கமுதி வழக்கு லண்டனில் தோற்ற அதே 1908இல்தான் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூடவே நின்றார்கள். பத்து நாளுக்குள் வெள்ளைக்கார முதலாளி கூலியை உயர்த்தினான், ஞாயிறு விடுமுறை கொடுத்தான். கோர்ட்டில் பதினொரு வருஷம் அலைந்து வாசற்படி ஏற முடியவில்லை. அதே வருஷத்தில், இதே ஜில்லாவில், சேர்ந்து நின்றவர்களுக்குப் பத்து நாள்தான் பிடித்தது.

சித்திரையில் அந்த ஊரில் கொடை. பங்குனியிலேயே தலைக்கட்டுப் பட்டியல் எழுத உட்காருவார்கள். காலனித் தோழர்கள் வரிப்பணத்தோடு கமிட்டியின் முன்னால் போவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். நாமும் அவர்களோடு போகிறோம். பக்கத்து மிஷின் தோழருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். வருவதாகவோ, வரமாட்டேன் என்றோ இதுவரை பதில் வரவில்லை.