யந்திரத்தின் மேல் பழி போடலாமா?

வீட்டில் சிறிய சி.என்.சி. ரூட்டர் வாங்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் சொல்லும் வழியில் ஓடி, மரத்தைச் செதுக்கும் யந்திரம் இது. "3018" என்பது ஒரு வகை. 30 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம் வரை செதுக்கும். மேஜை மேல் வைத்துக் கொள்ளலாம். பெயர்ப் பலகை செய்து நாலு காசு பார்க்கலாம் என்று வாங்கியவர்களும் உண்டு.

ஒரு நாள் அது நல்ல பலகையைக் கெடுத்து விடுகிறது. வீட்டுக்காரருக்குக் கோபம் வருகிறது. "மட்டமான மெஷின்! ஏமாந்து விட்டோம்!" என்கிறார். ஸ்பானரை எடுத்து எல்லாத் திருகுகளையும் முறுக்குகிறார். கம்ப்யூட்டரில் பத்து எண்களை மாற்றுகிறார். மறுநாள் இன்னொரு பலகையும் பாழ்! யந்திரம் கட்டிலுக்கு அடியில் போய் விடுகிறது.

அவசரப்பட்டு முறுக்குவது வேண்டாத வேலை. தவறு கட்டளையிலா, கட்டளைப்படி ஓடிய யந்திரத்திலா? முதலில் இதைக் கண்டுபிடியுங்கள்.

கண் இல்லாத வேலைக்காரன்

1952-ல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இந்த வகை யந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். காகித நாடாவில் துளை போட்டுக் கட்டளை கொடுத்தார்கள். இப்போது "ஜி-கோடு" வரிகள் கட்டளை கொடுக்கின்றன. "ஜி1" என்றால், நேராக வெட்டிக்கொண்டு போ. "ஜி2" என்றால், வளைந்து போ. இந்த வரிகள் காட்டும் வழிதான் வெட்டும் பாதை.

வரியில் 40 என்று இருந்தால் 40-க்குத்தான் போகும். அங்கே உங்கள் கட்டை விரல் இருக்கிறதா என்று பார்க்காது!

பென்சில் குறி போதும்

வேலை தொடங்கும் இடத்துக்குப் "பூஜ்யம்" என்று பெயர். அங்கே பென்சிலால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். வேலை கெட்டுப் போனால், பிட்டை உயரே தூக்குங்கள். பிட்டைச் சுழற்றும் மோட்டாரை மட்டும் நிறுத்துங்கள். யந்திரத்தின் மின்சாரத்தை அணைக்காதீர்கள். அணைத்தால், தான் நின்ற இடத்தை அது மறந்து விடும். இப்போது பூஜ்யத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள்.

பிட் குறியை விட்டு விலகி நின்றதா? யந்திரம் வழியில் தடுமாறியிருக்கிறது. அதன் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 அடிகளாக நடக்கிறது. பிட் மரத்தில் சிக்கினால் சில அடிகள் தவறிப் போகும். அது தவறியதே யந்திரத்துக்குத் தெரியாது. மீதி உருவத்தை நகர்ந்த இடத்திலேயே வெட்டும். முருகன் படம் என்றால் கை ஒரு பக்கம், வேல் ஒரு பக்கம்! வேகத்தைக் குறையுங்கள். ஒரு தடவையில் வெட்டும் ஆழத்தையும் குறையுங்கள். மழுங்கிய பிட்டை மாற்றுங்கள். மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் சின்னத் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிட் சரியாகக் குறியின் மேல் நின்றதா? அப்படியானால் பெரும்பாலும் கட்டளையிலோ கணக்கிலோதான் கோளாறு.

உருவம் பொடியாக வந்ததா? அங்குலக் கணக்கை மில்லிமீட்டர் என்று எடுத்துக் கொண்டிருக்கும். 100 மில்லிமீட்டர் படம் 4 மில்லிமீட்டர் கூட வராது! "ஜி20" என்றால் அங்குலம், "ஜி21" என்றால் மில்லிமீட்டர். அளவு கொஞ்சம் மட்டும் பிசகியதா? பிட்டின் கனத்தைத் தப்பாகக் கொடுத்திருக்கலாம். 3 மில்லிமீட்டர் பிட்டை 6 என்று எழுதினால், வெட்டி எடுத்த துண்டு 3 மில்லிமீட்டர் பெரிதாகும். உள்ளே வெட்டிய துளை 3 மில்லிமீட்டர் சிறிதாகும்.

"ஜி.ஆர்.பி.எல்." என்ற நிரலில் ஓடும் யந்திரங்கள் சில சமயம் எண்ணைக் காட்டி நின்று விடும். அதைக் கண்டு பயப்படாதீர்கள். அது நன்மைதான். "எரர் 20" என்றால், இந்தக் கட்டளை எனக்குப் புரியவில்லை. "எரர் 33" வந்தால், பெரும்பாலும் வளைவின் கணக்கு ஒத்து வரவில்லை. பாதை தயாரிக்கும் நிரலில் உங்கள் யந்திரத்துக்கு உரிய "போஸ்ட் புராசஸரை" தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். "அலாரம் 2" என்றால், என் எல்லையைத் தாண்டச் சொல்கிறாய்! படம் பெரிதாக இருக்கும். அல்லது பூஜ்யம் தப்பான இடத்தில் இருக்கும்.

காற்றில் ஓட்டுங்கள்

வெட்டும் முன் ஒரு தடவை காற்றில் ஓட்டிப் பார்ப்பது வீண் வேலை என்கிறார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேக்குப் பலகை விற்கும் விலையில், பத்து நிமிடம் பெரிதா? வெட்டும் ஆழத்தை விட 2 சென்டிமீட்டர் உயரத்தில் பூஜ்யத்தை வைத்து, பிட் சுழலாமல் ஓட விடுங்கள். பலகையைப் பிடிக்கும் கிளாம்பின் மேல் பிட் போகிறதா என்பது அப்போதே தெரிந்து விடும். கோளாறு இருந்தால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வையுங்கள்.

பிறகு பூஜ்யத்தைப் பலகை மட்டத்துக்கு மாற்றி, முதலில் தெர்மாகோலில் வெட்டுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நிறுத்தும் பொத்தான் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.