பாராட்டு வேறு, சட்டம் வேறு!

"மொழிச் சிக்கலைச் சட்டத்தால் தீர்க்கவியலாது; நல்லெண்ணம் ஒன்றே தீர்க்கும்" என்று நமக்கு அறிவுரை வழங்கும் நடுநிலையாளர் சிலர் உளர். அவர்கள் எடுத்துக்காட்டாக நீட்டும் நாடுகளுள் கனடா தலையாயது. அங்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒரே கூரையின்கீழ் இணைந்து வாழ்கின்றனவாம். பெருந்தன்மையே அதற்குக் கரணியமாம்!

அன்பர்களே, இணைந்து வாழ்கின்றன என்பது மெய். பெருந்தன்மையால் வாழ்கின்றன என்பது முழுப்பொய். அந்நாட்டு அவைகளின் இருநூற்றாண்டு நடவடிக்கைகளைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை வெள்ளிடைமலையாய் விளங்கும். சட்டத்தில் ஏறிக் காவலும் பெற்ற மொழி பிழைத்தது. சட்டத்தில் ஏறியும் காவலின்றி விடப்பட்ட மொழி களவாடப்பட்டது. சட்டத்தில் ஏறாத மொழியோ பாராட்டுப் பெற்றுக்கொண்டே தேய்ந்து வருகின்றது.

முதல் கூட்டத்திலேயே மூண்ட போர்

இற்றைக் கியூபெக் அன்று கீழ்க்கனடா எனப்பட்டது. ஆங்கிலேயர் அங்கு அமைத்த பேராளர் அவை முதன்முதலாகக் கூடியது 1792 திசம்பரில். மக்களுள் மிகப் பெரும்பாலோர் பிரெஞ்சு பேசுவோர். ஆயினும் அவைத்தலைவர் பதவிக்குச் சான் அந்துவான் பானே என்பாரை முன்மொழிந்தவுடன், அவர்க்கு ஆங்கிலம் போதாது என்று ஆங்கில உறுப்பினர் தடை எழுப்பினர். மக்கள் மொழி அறிந்தவனுக்கு ஆள்வோர் மொழி போதாது என்பது குறை. ஆள்வோர் மொழி அறிந்தவனுக்கு மக்கள் மொழி தெரியாதது குறையன்று! அடிமை நாடுகள் அனைத்திலும் கேட்கும் அதே குரல்.

பானே வென்றார். அடுத்த திங்களிலேயே, 1793 சனவரியில், அவையின் சட்ட வரைவுகளும் பதிவேடுகளும் எம்மொழியில் இருத்தல் வேண்டும் என்னும் சொற்போர் மூண்டது. இரு மொழியிலும் இருக்கட்டும் என்று அவை முடிவு செய்தது. இலண்டன் என்ன செய்தது? ஆங்கிலப் படியே சட்டம், பிரெஞ்சுப் படி வெறும் மொழிபெயர்ப்பு என்று ஆக்கிற்று. இந்நுட்பத்தை நம்மவர் நெஞ்சில் பொறித்துக் கொள்ளல் வேண்டும். ஒரு மொழியில் சட்ட நூலை அச்சிட்டுவிட்டால் அம்மொழி ஆட்சிமொழி ஆகிவிடாது. ஐயம் எழும்போது முறைமன்ற நடுவர் எந்தப் படியை எடுத்துப் படிக்கின்றாரோ, அந்தப் படியின் மொழியே ஆளும் மொழி, மற்றது ஏவல்மொழி.

அந்த ஏவல் நிலையையும் 1840-இல் பறித்தனர். மேல்கனடாவையும் கீழ்க்கனடாவையும் ஒன்றாக்கிய இணைப்புச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, அவையின் எழுத்துப் பதிவுகளுக்கு ஆங்கிலம் ஒன்றே மொழி என்றது. 1842-இல் இலூயி இப்பொலித்து இலாஃபொன்டேன் அவ்வவையில் எழுந்து பிரெஞ்சில் பேசத் தொடங்கினார். ஆங்கிலத்தில் பேசுமாறு கேட்டனர். அவர் இணங்கவில்லை. தமக்கு ஆங்கிலம் பிரெஞ்சைப் போலவே திறம்பட வந்தாலுங்கூட, இக்கொடுஞ் சட்டத்தை எதிர்க்கும் பொருட்டே முதலுரையைத் தாய்மொழியில் நிகழ்த்துவதாக அறிவித்தார். ஆங்கிலம் அறியாமையால் அவர் தாய்மொழியில் பேசவில்லை. மானம் அறிந்தமையால் பேசினார்! ஆறே ஆண்டுகளில், 1848-இல், அப்பிரிவு நீக்கப்பட்டது. 1849 சனவரியில் ஆளுநர் எல்சின் தம் தொடக்கவுரையைப் பிரெஞ்சிலும் படித்தார்.

ஏட்டில் உரிமை, செவியில் இல்லை

1867-இல் கனடா கூட்டாட்சியாயிற்று. அதன் அரசமைப்பில் 133-ஆம் பிரிவு, கூட்டரசு நாடாளுமன்றத்திலும் கியூபெக் சட்டமன்றத்திலும் இரு மொழியில் எதிலும் பேசலாம் என்றது. பதிவேடுகளும் சட்டங்களும் இரு மொழியிலும் இருத்தல் வேண்டும் என்றது. நன்று. ஆனால் பிரெஞ்சில் பேசியவனை எவன் கேட்டான்? எதிரே அமர்ந்திருந்த பெரும்பாலோர்க்கு அம்மொழி தெரியாது. உடனுக்குடன் உரைபெயர்க்கும் ஏற்பாடு அந்நாடாளுமன்றத்தின் மக்களவைக்கு வந்தது 1959 சனவரியில். இடைப்பட்டவை 92 ஆண்டுகள்! பேசும் உரிமை இருந்தது. கேட்கப்படும் உரிமை இல்லை. விளைவு என்ன? தம் சொல் அவையில் தைக்க வேண்டும் என்று விரும்பிய பிரெஞ்சு உறுப்பினர், தாமே ஆங்கிலத்திற்கு மாறினர். உரிமையைத் தந்து கருவியைத் தராமல் விடுவது, ஏரைத் தந்து எருதைத் தராமல் விடுவது போன்றது.

பணத்தாளும் அவ்வாறே. கனடா நடுவண் வைப்பகம் 1935-இல் முதன்முதலாகத் தாள் வெளியிட்டபோது ஆங்கிலத்திற்கு ஒரு தாள், பிரெஞ்சுக்கு ஒரு தாள் என்று பிரித்தே அச்சிட்டது. இரு மொழியும் ஒரே தாளில் ஏறியது 1937-இல். ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1969-இல். கூட்டரசின் சட்டங்களை இருவர் அருகருகே அமர்ந்து, ஒருவர் ஆங்கிலத்திலும் ஒருவர் பிரெஞ்சிலுமாக ஒருங்கே வரையும் முறை வந்தது 1978-இல். இரு படிகளுக்கும் நிகரான சட்ட வலிமை உண்டு என்பதை 1982-ஆம் ஆண்டின் உரிமைப் பட்டயம் உறுதி செய்தது. 1793-இல் இலண்டன் மறுத்த ஒன்றைப் பெற 189 ஆண்டுகள் சென்றன. இதுவா நல்லெண்ணத்தின் விரைவு?

மானிடோபா: களவும் மீட்பும்

சட்டத்தில் ஏறினால் மட்டும் போதுமா? போதாது. மானிடோபாவைக் காண்க.

1870-இல் அப்பகுதி கனடாவில் சேர்ந்தபோது, அங்கே பிரெஞ்சு பேசுவோரும் ஆங்கிலம் பேசுவோரும் ஏறத்தாழ நிகராயிருந்தனர். எனவே மானிடோபாச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சட்டமன்றத்திலும் முறைமன்றங்களிலும் இரு மொழிக்கும் இடமளித்தது. பின்னர் ஆங்கிலக் குடியேறிகள் வந்து குவிந்தனர், எண்ணிக்கை மாறியது. எண்ணிக்கை மாறியவுடன் வாக்கும் மாறியது! இருபதே ஆண்டுகளில், 1890-இல், மானிடோபாச் சட்டமன்றம் ஆங்கிலமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்தது. அது செல்லாது என்று செயின்ட்டு போனிஃபேசு முறைமன்றம் 1892-இல் தீர்ப்பளித்தது. 1909-இல் மீண்டும் தீர்ப்பளித்தது. அரசு இரண்டையும் பொருட்படுத்தவில்லை.

அவ்வாறே 80 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1976-இல் சியார்சு ஃபாரசுட்டு என்னும் எளிய குடிமகனுக்கு, வண்டி நிறுத்திய குற்றத்திற்காக ஒரு தண்டச் சீட்டு வந்தது. அச்சீட்டு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. தொகையோ சிறிது. கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கட்டவில்லை, 'என் மொழியில் இல்லாத ஆணை என்னைக் கட்டாது' என்னும் நிலையில் நின்று வழக்காடினார். 1979 திசம்பரில் கனடாவின் தலைமை முறைமன்றம் 1890-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்றது.

அதன்பின் நடந்ததுதான் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. பிரெஞ்சு மக்களோடு ஓர் உடன்பாட்டை மாநில அரசு சட்டமன்றத்தில் கொணர்ந்தது. எதிர்க்கட்சியினர் என்ன செய்தனர்? வாக்கெடுப்புக்கு அழைக்கும் மணி ஒலிக்கும். அவர்கள் அவைக்குள் வாரார். மணி நாட்கணக்கில் ஒலித்தது! 1984 பிப்பிரவரியில் கூட்டத்தொடரையே முடித்துவைத்தனர், உடன்பாடு மாண்டது. இதற்கிடையே ஒட்டாவா மக்களவை, அனைத்துக் கட்சிகளும் ஒருமித்து, பிரெஞ்சு மக்கட்குத் துணைநின்று 1983 அத்தோபரிலும் 1984 பிப்பிரவரியிலும் இருமுறை தீர்மானம் நிறைவேற்றியது. பயன்? ஓர் அணுவும் அசையவில்லை.

அசைத்தது எது? 1985 சூனில் வந்த தலைமை முறைமன்றத் தீர்ப்பு. ஆங்கிலத்தில் மட்டும் இயற்றப்பட்ட மானிடோபாச் சட்டங்கள் அனைத்தும் செல்லாதவை என்று அது கூறியது. மாநிலம் சட்டமற்ற காடாகிவிடாதிருக்க, மொழிபெயர்த்து மீண்டும் இயற்றி முடிக்கும் அளவுக்கு மட்டும் அவற்றுக்கு உயிர்ப்பிச்சை அளித்தது. 'பன்மொழி ஆட்சி செலவு, நாடு குலையும்' என்போர் கேட்கட்டும்: ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுச் சட்டத்தை மொழிபெயர்க்க நேர்ந்தது, மானிடோபா குலைந்துவிடவில்லை.

மண்ணின் மொழிகள் எங்கே?

இதுகாறும் பிரெஞ்சைப் பற்றியே பேசினோம். பிரெஞ்சும் அம்மண்ணுக்கு வந்தேறிய மொழியே. கிரீ, ஒசிப்புவே, இனுக்டிடுட்டு முதலாகிய 70-க்கும் மேற்பட்ட முதுகுடி மொழிகளின் நிலை யாது?

அவற்றுக்கும் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. காக்க அன்று, அழிக்க! முதுகுடிப் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளுக்கு வந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த வழிசெய்யும் திருத்தத்தை 1920-இல் நிறைவேற்றியது இதே ஒட்டாவா மன்றம். ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் அப்பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்காக ஒறுக்கப்பட்டனர். அச்சட்டத்தை எதிர்த்து வாக்களிக்க அம்மக்களுக்கு வாய்ப்புண்டா? பதிவுபெற்ற முதுகுடியினர், தம் சட்டநிலையை இழக்காமல் கூட்டரசுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றதே 1960-இல்தான்! அவையில் இருக்கை இல்லாதவனின் நாவை அவை அறுத்தது.

2008 சூனில் தலைமையமைச்சர் சுடீபன் ஆர்ப்பர் அவ்வவையில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். வருந்துகிறோம் என்னும் சொல்லை முதுகுடி மொழிகள் சிலவற்றிலும் கூறினார். மன்னிப்புக்கு அம்மொழிகள் பயன்பட்டன. ஆனால் 2017 மே திங்களில் இராபர்ட்டு ஃபால்கன் உவெலெட்டு என்னும் கிரீ உறுப்பினர் தம் தாய்மொழியில் பேசியபோது, உரைபெயர்ப்பார் ஒருவரும் இல்லை. அவை விளங்காது அமர்ந்திருந்தது. அது தம் உரிமைக்கு இழுக்கு என்று அவர் முறையிட்டார். உரிமை மீறல் என்று அவைத்தலைவர் ஒப்பவில்லை; குழு ஆராயலாம் என்றார். குழு ஆராய்ந்தது, 2018 நவம்பரில் அவை ஏற்றது, 2019 சனவரி 28-இல் உவெலெட்டின் கிரீ உரை உடனுக்குடன் பெயர்க்கப்பட்டது. முன்னறிவிப்புக் கொடுத்தால் உரைபெயர்ப்பார் வருவார் என்பதே ஏற்பாடு. பிரெஞ்சு பேசுவோன் முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை. இதுதான் உரிமைக்கும் ஒப்புதலுக்கும் உள்ள இடைவெளி.

2019 சூனில் முதுகுடி மொழிகள் சட்டமும் வந்தது. அது பணம் தருகின்றது, ஆணையர் தருகின்றது, புகழுரை தருகின்றது. ஆட்சிமொழி என்னும் அரியணையை மட்டும் தரவில்லை. 2021-இல் மேரி சைமன் என்னும் இனுயிட்டுப் பெண்மணி ஆட்சித்தலைவராகப் பொறுப்பேற்றபோது, அவர்க்குப் பிரெஞ்சு தெரியாது என்று முறையீடுகள் குவிந்தன. தாம் படித்த கூட்டரசுப் பள்ளியில் பிரெஞ்சு கற்க வாய்ப்பளிக்கப்படவில்லை என்றார் அவர். அவர் தாய்மொழி தெரியாமலே அப்பதவியில் அமர்ந்த முன்னோர்மீது எவரேனும் முறையிட்டனரா? 1792-இல் பானேயைத் தடுத்த குரல், இப்போது பானேயின் மொழியிலேயே ஒலிக்கின்றது!

நமக்கும் ஒரு தீர்மானம்

அதே ஒட்டாவா மக்களவை 2016 அத்தோபர் 5-ஆம் நாள், சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒருமித்து ஏற்றது. 2022 மே 18-இல், அந்நாளைத் தமிழினக்கொலை நினைவு நாளாகவும் ஒருமித்து ஏற்றது. ஈழத்தில் எல்லாம் இழந்து சென்ற எம் உடன்பிறப்புகள் அயல்மண்ணில் உழைத்துப் பெற்ற சிறப்புகள் இவை. மகிழ்வோம், நன்றி கூறுவோம். ஆயினும் கைதட்டி முடித்தபின் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மானிடோபாப் பிரெஞ்சு மக்களும் அதே அவையில் இருமுறை ஒருமித்த தீர்மானம் பெற்றனர். அவர்களை மீட்டது அத்தீர்மானங்கள் அல்ல. 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவும், அதைப் பிடித்துக்கொண்டு விடாது வழக்காடிய ஒரு குடிமகனின் உறுதியுமே.

ஆகவே தமிழ்நெஞ்சங்களே, மொழிக்கு எவர் எச்சிறப்பு அளித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது பாராட்டா, சட்டமா? சட்டமெனின், ஐயம் எழும்போது நடுவர் படிப்பது எம்மொழிப் படி? அதை மீறினால் எவர் தண்டிக்கப்படுவர்? மூன்றுக்கும் விடை கிடைத்தால் அது உரிமை. கிடைக்காவிடின் அது பூமாலை, மாலைக்குள் வாடிவிடும்.