தையல் தளர்த்தும் நாளும் அறுவை சிகிச்சைதான்

கண்புரை அறுவை சிகிச்சையைப் பார்த்துப் பழகிய நமக்கு, கண்ணில் அறுவை என்றால் காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை. கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய்க்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இழந்த பார்வையை இந்த அறுவை மீட்டுத் தராது. மிச்சமிருக்கும் பார்வையைக் காக்கத்தான் இதைச் செய்கிறார்கள். அந்தக் காவல் நிலைக்குமா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடாது. அடுத்து வரும் வாரங்களில் கண்ணில் போட்ட தையலை எப்போது, எவ்வளவு தளர்த்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே அழுத்தம் ஓர் அளவுக்கு வந்து நிற்கிறது. ஆகவே அந்த வருகைகளை வெறும் 'செக்கப்' என்று தள்ளிவிடாமல், அறுவையின் பாதியாகவே மருத்துவமனைகளும் காப்பீட்டுத் திட்டங்களும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தையலுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதற்குச் சென்னையிலிருந்தே தொடங்கலாம். மதராஸ் அரசு கண் மருத்துவமனைக்குத் தலைமை வகித்த ராபர்ட் ஹென்றி எலியட், கண்ணின் வெள்ளைப் பகுதியில் வட்டமாக முழுத் துளை போட்டு நீரை வெளியேற்றும் முறையை 1909இல் அறிவித்தார். அது உலகமெங்கும் பரவியது. அழுத்தம் இறங்கியது, ஆனால் துளைக்குத் தடுப்பு இல்லை. பல கண்களில் நீர் அளவுக்கு மீறி வடிந்தது; துளையை மூடிய சவ்வு மெலிந்து, ஆண்டுகள் கழித்துக்கூடக் கிருமி உள்ளே புகுந்தது. 1968இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜே. இ. கெய்ர்ன்ஸ் விவரித்த டிராபெகுலெக்டமி இதற்கு விடை சொன்னது. வெண்பகுதியில் பாதி ஆழத்துக்கு ஒரு மடலைத் தூக்கி, அதனடியில் வழி செய்து, மடலைத் திரும்பத் தைத்துவிடுவார்கள். அந்த மடல்தான் மதகு. தலைமுடியைவிட மெல்லிய நைலான் தையல் எவ்வளவு இறுக்கமோ, அந்த அளவுக்குத்தான் நீர் கசியும்.

கைதேர்ந்த மருத்துவர் முதல் நாளிலேயே சரியான இறுக்கத்தில் முடிச்சுப் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். போட முடியாது. புதிய வழியைக் காயமாக நினைத்து உடல் அதை மூடப் பார்க்கிறது. யாருக்கு எவ்வளவு வேகமாக மூடும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. தழும்பைத் தடுக்க வைக்கும் மைட்டோமைசின் மருந்து அந்த வேகத்தைக் குறைக்கும், கூடவே நீர் மிகையாக வடியும் ஆபத்தையும் நீட்டிக்கும். எனவே முதலில் சற்று இறுக்கிக் கட்டி, பிறகு ஒவ்வொன்றாகத் தளர்த்துவதே விவேகம். மேல்சவ்வைக் கிழிக்காமல் லேசரால் இழையை அறுக்கலாம். நுனியைக் கருவிழியோரம் விட்டு வைத்து, பின்னர் இடுக்கியால் உருவியும் எடுக்கலாம். அவசரப்பட்டால் அழுத்தம் சரிந்து விழித்திரை மடிப்பு விழும். தாமதித்தால் மடல் ஒட்டிப்போய், அறுத்தும் பயனில்லை. மைட்டோமைசின் வைக்காத கண்ணில் இந்த அவகாசம் ஏறக்குறைய 2 வாரம்தான். வைத்த கண்ணில் இன்னும் சில வாரங்கள் நீளும்.

நோய் முற்றியவரின் பார்வை நரம்பு அந்த முதல் சில நாள் உயர் அழுத்தத்தைத் தாங்குமா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். உண்மையான கவலைதான். அதற்கு விடை தளர்வாகக் கட்டுவதல்ல, முதல் வாரத்திலேயே நோயாளியைத் திரும்ப அழைப்பது. அழுத்தத்தில் ஓரிரு மி.மீ. (பாதரச அளவு) வித்தியாசத்துக்கா இவ்வளவு பாடு என்றும் நினைக்க வேண்டாம். முற்றிய கிளாக்கோமா பற்றிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2000இல் வெளியானது. அதில் ஒவ்வொரு பரிசோதனையிலும் 18 மி.மீ.க்குக் கீழே இருந்த கண்களின் சராசரி அழுத்தம் 12 சொச்சம். அந்தக் குழுவில்தான் பார்வைப் புலம் சராசரியாகத் தேயாமல் நின்றது. 21 வரை 'நார்மல்' என்ற ஆறுதல் இவர்களுக்கு உதவாது.

நம் ஊரில் இந்தக் கவலை மேலும் கூடுகிறது. தென்தமிழகக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த கோணக் கிளாக்கோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதே தெரியாது. தாமதமாக வருபவருக்குச் சொட்டு மருந்து மட்டும் போதாமல் போகலாம்; அறுவை தேவைப்படுகிறவரோ பெரும்பாலும் கூலியை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வர முடியாதவர். மதுரை ஆரோலேப் தயாரிக்கும் வடிகுழாய்க் கருவி ஒரு மாற்று: குழாயைக் கட்டிய இழை சில வாரங்களில் தானே கரைந்து வழி திறக்கும். ஆனால் அது திறக்கும் நாள் மருத்துவர் கையில் இல்லை, அதன் பிறகும் கண்காணிப்பு வேண்டும். வர முடியாது என்பதை விதியாக ஏற்றுக்கொள்வதைவிட, வர வைக்கச் செலவழிப்பது மலிவு. அறுவைக்கான தொகுப்புக் கட்டணத்தில் முதல் இரண்டு மாத வருகைகளும் பயணப்படியும் சேரட்டும். லேசர் இல்லாத ஊர் நோயாளிக்கு உருவும் தையலே போடட்டும். அதை உருவ மாவட்ட மருத்துவமனைக் கண் மருத்துவருக்குப் பயிற்சி கொடுக்கட்டும். எத்தனை தையல், எந்த வகை, எந்தத் தேதிக்குள் பார்க்க வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுப்பதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.