அம்புப்புழுவும் அருந்தமிழும்

"அறிவியலுக்குத் தமிழ் போதுமா?" நம் பட்டிமன்றங்களில் இந்தத் தலைப்பு அடிக்கடி ஏறுவதுண்டு. இரு அணிகளும் கைத்தட்டல் வாங்கும். மறுநாள் ஆய்வுக்கூட அறிக்கையை எல்லாரும் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். உயிரியல் படிக்கும் மாணவன் என்ற முறையில், இக்கேள்விக்கு மேடையில் விடை கிடைக்காது என்றே நான் கருதுகிறேன். நுண்ணோக்கியின் முன் அமர்ந்தால் கிடைக்கலாம்.

மலாக்கா நீரிணையில் வாழும் அம்புப்புழுவை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி போன்ற உடல். தலையின் இருபுறமும் இரையைக் கவ்வும் வளைந்த முட்கள். பக்கங்களிலும் வாலிலும் துடுப்புகள். 1827இல் இதற்குச் சூட்டப்பட்ட 'சகிட்டா' என்ற பேரினப் பெயருக்கு இலத்தீனில் அம்பு என்றே பொருள். உலகக் கடல்களில் ஏறத்தாழ 130 சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. பார்வைக்கு அவற்றுள் பலவும் ஒன்றுபோலவே இருக்கும். முட்கள் எத்தனை, பல்வரிசை எப்படி, துடுப்பு எங்கே தொடங்குகிறது, சூலகம் எவ்வளவு நீளம், விந்துப்பை என்ன வடிவம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

இவற்றைத் தமிழில் சொல்ல முடியாதா? நம் வெப்பக் கடல்களில் மிகுதியாகக் கிடைக்கும் 'என்ஃபிளாட்டா' என்ற சிற்றினத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: "உடல் அகன்றது, தளர்ந்தது, ஒளி ஊடுருவுவது. முன்துடுப்பு சிறியது, பின்துடுப்பிலிருந்து நன்கு விலகி நிற்பது. விந்துப்பை உருண்டையானது, வால்துடுப்புக்கு அருகில் இருப்பது." இதில் எந்தச் சொல் நமக்குப் புதிது?

சட்டமும் நமக்குத் தடையில்லை. தாவரங்களுக்குப் புதுப்பெயர் சூட்டுவோர் 2011 வரை விளக்கத்தை இலத்தீனில் எழுதியாக வேண்டும். 2012 முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. விலங்குகளுக்கு அந்தக் கட்டுப்பாடே கிடையாது. பெயர் இலத்தீன் எழுத்தில் இருந்தால் போதும். விளக்கம் எம்மொழியிலும் இருக்கலாம். 2000இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக விலங்குப் பெயரீட்டு விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு ஒருபடி மேலே போகிறது. வேறுபாட்டுக் குறிப்பைப் பரவலாக வழங்கும் மொழிகளில் எழுதுவதோடு, அவ்வுயிர் தொடர்பான வட்டாரத்தின் மொழிகளிலும் தருமாறு அது பரிந்துரைக்கிறது. இந்நீரிணையின் இரு கரைகளிலும் தமிழ் பேசப்படுகிறதே! அழைப்பு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. நாம்தான் போகவில்லை.

"யார் படிக்கப் போகிறார்கள்?" என்று நண்பர்கள் கேட்கலாம். ஆங்கிலத்தை விடச் சொல்லவில்லை. பக்கத்தில் தமிழையும் வைப்போம் என்கிறேன். 'காலரெட்' என்ற சொல்லைப் புரியாமலேயே அறிக்கையில் எழுதிவிடலாம். 'கழுத்தை அடுத்துத் தடித்திருக்கும் மேற்றோல்' என்று எழுத, அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். தமிழில் எழுதுபவருக்குக் கிடைக்கும் முதல் பயன் அதுவே.

ஆகவே, நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பட்டிமன்றத்திற்குப் பதிலாக, அறிவியல் மாணவர்கள் ஆளுக்கோர் உயிரினத்தை அரைப்பக்கத் தமிழில் விவரிக்கட்டும். அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, வேறொரு மாணவர் கலந்து கிடக்கும் புழுக்களிலிருந்து சரியானதை எடுத்துக் காட்டட்டும். எடுத்துவிட்டால் தமிழ் போதும். எடுக்கத் தவறினால், குறை தமிழிலா எழுதியவரிடமா என்று அப்போது பேசுவோம்.