விஷம் நம் முதுகில்! கண்காணிப்பு கிண்டியில்!

தேயிலைத் தோட்டத்தில் அதற்குப் பெயர் "மருந்து". "இன்றைக்கு மூன்றாம் நம்பர் காட்டில் மருந்தடி" என்று காலையில் பேர் கூப்பிடும்போது மேஸ்திரி சொல்கிறார். தேயிலைக் கொசுவுக்கு மருந்து, சிலந்திக்கு மருந்து, கொப்புள நோய்க்கு மருந்து, களைக்கு மருந்து! நிறைந்த டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு தொழிலாளி சரிவில் ஏறுகிறான். காற்று திரும்பினால் அது முகத்தில். மூடி கசிந்தால் அது முதுகில்.

செடிக்கு அது மருந்தாக இருக்கலாம். மனித உடம்புக்கு அது விஷம். இதை நாம் சொல்லவில்லை, டப்பாவே சொல்கிறது. டப்பாவின் மேல் சாய்ந்து நிற்கும் ஒரு சதுரம் இருக்கும். அதன் கீழ்ப் பாதி சிவப்பாக இருந்தால் மிகக் கொடிய விஷம். மேலே மண்டை ஓடு போட்டிருக்கும். அடுத்தது மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் பத்திரம் என்று பொருளல்ல. ஆபத்து குறைவு என்றுதான் பொருள். தோழர்களே, அடுத்த முறை டேங்கை மாட்டுமுன் டப்பாவைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். டேங்கில் கலந்து கொடுப்பார்கள்; டப்பாவைக் காட்டமாட்டார்கள்!

வேலை முடிந்ததும் காலி கேன் என்ன ஆகிறது? கழுவிய கேனில் தண்ணீர் பிடித்து லைன் வீட்டு வாசலில் வைத்திருப்பதை இந்த மலையில் நாம் பார்க்காமலா இருக்கிறோம்? டேங்கைக் கழுவிய தண்ணீர் பள்ளத்துக்குப் போகிறது. கீழ் கோத்தகிரிச் சரிவின் பள்ளங்கள் மாயாற்றுக்கும் பவானிக்கும் இறங்குகின்றன. பவானிசாகரில் போய்த் தேங்குகின்றன. அந்தத் தண்ணீரைத்தான் கீழே மில் தொழிலாளி குடிக்கிறான். அந்தத் தண்ணீரில் நின்றுதான் கோபி வட்டாரத்து விவசாயத் தொழிலாளிப் பெண் நாற்று நடுகிறாள். ஆகவே இது மலைக்காரன் பிரச்சினை மட்டுமல்ல.

"கண்காணிக்க ஆள் இல்லையா?" என்று கேட்டால் மேலே இருப்பவர்களுக்குக் கோபம் வருகிறது. "ஏன் இல்லை? சட்டம் இருக்கிறது, இலாகா இருக்கிறது, சென்னையில் வாரியம் இருக்கிறது!" என்கிறார்கள். உண்மைதான், எல்லாம் இருக்கின்றன. எப்படி இருக்கின்றன என்பதைத்தான் பார்ப்போம்.

ஐந்து காவலர், திறந்த வாசல்

1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. 1971-ல் அதற்கு விதிகள் வந்தன. காலி டப்பாவை வெளியே போடக்கூடாது, திரும்பப் பயன்படாதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. மருந்தடிப்பவனுக்குப் பாதுகாப்பு உடை தரவேண்டும், வேலைக்கு முன்னும் பிறகு குறித்த காலத்துக்கு ஒரு முறையும் வைத்தியப் பரிசோதனை செய்யவேண்டும் என்றும் சொல்கிறது.

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010-ல் ஒரு புது அத்தியாயம் சேர்த்தார்கள். விஷப் பொருளைக் கையாளும் தொழிலாளிக்குப் பயிற்சி, பாதுகாப்பு உடை, குளிக்க இடம், வைத்தியப் பதிவேடு, அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை இத்தனையும் அதில் இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் போய், புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. பாதுகாப்பு பற்றிய வாசகங்கள் அதிலும் இருக்கின்றன. வாசகத்துக்குப் பஞ்சமில்லை!

யார் இதைப் பார்ப்பது? விவசாய இலாகா விஷம் விற்கும் கடையைப் பார்க்கிறது. தொழிலாளர் இலாகா தோட்டத்தின் ரிஜிஸ்தரைப் பார்க்கிறது. தேயிலை வாரியம் இலையில் எவ்வளவு விஷம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையின் புகையையும் கழிவுநீரையும் பார்க்கிறது. பஞ்சாயத்து குப்பையைப் பார்க்கிறது. ஐந்து காவலர்கள்! ஆனால் நம் வாசலில் கிடக்கும் காலி கேன் ஐந்து பேருக்கும் நடுவே உருண்டு பள்ளத்தில் விழுகிறது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். தேயிலையில் விஷ மிச்சம் அளவுக்கு மேல் இருந்தால் வெளிநாட்டு வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்புவான். அதனால் அதை அளக்க ஆய்வுக்கூடம் உண்டு, அளவு உண்டு, பட்டியல் உண்டு. அந்த விஷத்தைச் சுமந்தவனுடைய ரத்தத்தை அளக்க எந்த வியாபாரியும் கேட்கவில்லை. கோப்பைக்குக் கணக்கு உண்டு, முதுகுக்குக் கணக்கில்லை. முதலாளித்துவக் கண்காணிப்பின் லட்சணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

கொடைக்கானல் சொல்லும் பாடம்

இது ஏதோ சில அதிகாரிகளின் சோம்பேறித்தனம் என்று எண்ணுகிறவர்கள் நம்மைப் போன்ற இன்னொரு மலையைப் பார்க்கட்டும்.

அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் இயங்கிய பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை, 1983-ல் கொடைக்கானலுக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம். மூச்சோடு உள்ளே போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அந்தத் தொழிற்சாலைக்கு அடுத்து பாம்பார் சோலை இருக்கிறது.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறந்தது 1982-ல். தொழிற்சாலை வந்தது 1983-ல். அதாவது காவலன் முதலில் வந்தான்; களவு பிறகுதான் வந்தது! 1989-ல் அபாயகரமான கழிவுகளுக்கென்றே தனி விதிகளும் வந்தன. இத்தனையும் இருந்து, கண்டுபிடித்தது யார்? 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் குவிந்து கிடந்தது. அதைக் கண்டு தெருவுக்கு வந்தவர்கள் அந்த ஊர் மக்கள், மலைப் பாதுகாப்புச் சங்கத்தார், முன்னாள் தொழிலாளிகள். அதன் பிறகுதான் கதவு மூடியது. அதன் பிறகுதான் அதிகாரிகளின் ஜீப் ஏறி வந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு 2004-ல் வந்தது.

2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ஆனால் தொழிலாளியின் உடம்புக்குள் போனது எந்தக் கப்பலில் ஏறும்? தொழிலாளிகள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். தங்கள் வேலையால் யாருக்கும் கேடு வரவில்லை என்று கம்பெனி சாதித்தது. 2016 மார்ச்சில்தான் 591 தொழிலாளிகளுக்கு உடன்பாடு கிடைத்தது. தொழிற்சாலை மூடி 15 ஆண்டுகள் கழித்து!

மண்ணைச் சுத்தம் செய்யும் கதையைக் கேளுங்கள். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று அளவு வைத்து, வாரியமும் அதற்குத் தலையாட்டியது. "எங்கள் மண்ணுக்கு மட்டும் ஏன் இந்தத் தாராளம்?" என்று மக்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் செத்துவிடவில்லை.

கொடைக்கானல் மட்டுமா? 2024 டிசம்பரில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவு திருநெல்வேலிக் கிராமங்களில் கொட்டிக் கிடந்தது. அதையும் முதலில் கண்டு கூச்சலிட்டவர்கள் ஊர் ஜனங்கள். பிறகு பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. தூத்துக்குடியில் தாமிர ஆலையின் மாசை எதிர்த்து மக்கள் ஊர்வலமாகப் போனபோது, 2018 மே 22 அன்று சர்க்கார் தந்த பதில் துப்பாக்கிச் சூடு. 13 உயிர்கள் பலி. கண்காணிக்க வேண்டிய சர்க்கார் யாரைக் கண்காணித்தது? மாசு செய்தவனையா, மாசைச் சொன்னவனையா?

பாடம் இதுதான்: விஷம் இருக்கும் இடம் அதோடு வாழ்கிறவனுக்குத் தெரியும். அவனுடைய கண்ணையும் வாயையும் கட்டிவிட்டு நடத்தும் கண்காணிப்பு, காகிதத்தைக் கண்காணிக்கும், இடத்தைக் கண்காணிக்காது.

தில்லி தந்த பரிசு

இந்த நிலையில் தில்லி சர்க்கார் என்ன செய்தது? போபாலில் 1984-ல் ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் விஷவாயுவில் மாண்ட பிறகுதான் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை என்று இருந்தது. 2023-ல் "ஜன் விஸ்வாஸ்", அதாவது மக்கள் நம்பிக்கை என்று பெயர் சூட்டி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2024 ஏப்ரல் முதல் அந்தச் சிறைத் தண்டனை போய்விட்டது; 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் கட்டினால் போதும். இது எந்த மக்களின் நம்பிக்கை? கோடீஸ்வரக் கம்பெனிக்கு 15 லட்சம் விளம்பரச் செலவில் ஒரு துளி. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ உயிர்!

புதிய தொகுப்புச் சட்டத்தில் இன்ஸ்பெக்டருக்கும் பெயர் மாற்றியாகிவிட்டது. அவர் இனி ஆய்வாளர் மட்டுமல்ல, முதலாளிக்கு "வசதி செய்து தருபவரும்" கூட. எங்கே சோதனை போடுவது என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லுமாம். கம்ப்யூட்டருக்குக் கீழ் கோத்தகிரியின் பள்ளம் தெரியுமா?

ராஜ்ய சர்க்காரின் கையும் கட்டியிருக்கிறது. தற்கொலைகளைத் தடுக்க 2023 தொடக்கத்தில் தமிழ்நாடு ஆறு பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. எத்தனை நாளைக்கு? 60 நாளைக்கு! 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ராஜ்யத்துக்குக் கொடுத்த அதிகாரம் அவ்வளவே. நிரந்தரமாகத் தடுக்கும் சாவி தில்லியில். ஆனால் கை கட்டியிருக்கிறது என்று சொல்லிச் சென்னை தப்பிக்க முடியாது. கட்டாத விரல்களையாவது அசைக்கலாமே! தோட்டத்துக்குப் போய்ப் பார்க்க எந்தத் தில்லி தடுத்தது?

"ஆலை மூடிவிடும்" என்னும் பூச்சாண்டி

நாம் வாய் திறந்தால் உடனே வருகிறது மிரட்டல்: "இதையெல்லாம் கிளப்பினால் தோட்டம் மூடும், ஆலை மூடும், உனக்குத்தான் சோறு போகும்." நம் தொழிலாளிகளில் சிலரும் இதை நம்புகிறார்கள்.

நம் மலையடிவாரத்துச் சிறுமுகையை மறந்துவிட்டோமா? அங்கே இருந்த விஸ்கோஸ் ஆலை நீலகிரி மரத்தைக் கூழாக்கி செயற்கை இழை செய்தது. அதன் கழிவுநீர் பவானியில் இறங்கியது. மீனவர்களும் விவசாயிகளும் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். ஆரம்பத்திலேயே அதிகாரிகள் கண்டிப்பாக இருந்து, சுத்திகரிப்புக்கு முதலாளியைச் செலவு செய்ய வைத்திருந்தால் ஆறும் பிழைத்திருக்கும், வேலையும் பிழைத்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் ஆறும் கெட்டது, ஆலையும் மூடியது. தொழிலாளி இரண்டு பக்கமும் இழந்தான்.

ஆகவே மாசைச் சொன்னதால் வேலை போகவில்லை. சொன்னபோது கேட்காததால் போயிற்று. கண்காணிப்பு நம் வேலைக்கு எதிரி அல்ல, அதற்குக் காவல். "இன்ஸ்பெக்டர் தொல்லை ஒழிக" என்பது முதலாளியின் கோஷம். "இன்ஸ்பெக்டர் வரட்டும், எங்களைப் பார்க்கட்டும்" என்பதே நம் கோஷம்!

நம் குறையும் நம் வேலையும்

இந்த இடத்தில் நம்மையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். கூலிக்கும் போனஸுக்கும் எத்தனை வாயிற்கூட்டம் போட்டோம்! முதுகில் கசிந்த டேங்குக்காக எத்தனை கூட்டம் போட்டோம்? "முதலில் கூலி, மற்றதெல்லாம் பிறகு" என்று நம் சங்கங்களும் தள்ளிவைத்தன. உடம்பு போன பிறகு கூலியை எதில் வாங்குவது? தவறுதான், திருத்திக்கொள்வோம்.

நாம் கேட்பது இவை:

ஒன்று: புதிய தொகுப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி பாதுகாப்புக் குழு அமைக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் சர்க்காருக்கு இருக்கிறது. அதை நீலகிரியின் எல்லாத் தோட்டங்களுக்கும் பிறப்பிக்கட்டும். குழுவில் பாதி தொழிலாளிகள். மருந்தடிப்பவரும் பெண் தொழிலாளிகளும் அதில் கட்டாயம்.

இரண்டு: எந்தக் காட்டில், எந்த நாளில், எந்த விஷம், எத்தனை நாள் உள்ளே போகக்கூடாது என்பதைப் பேர் போடும் இடத்தில் எழுதிப் போட வேண்டும். தமிழிலும் எழுத வேண்டும். ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் நம் தோழன் படிக்கும் மொழியிலும் எழுத வேண்டும்.

மூன்று: விற்றவனே காலி டப்பாவைத் திரும்ப எடுக்க வேண்டும். எண்ணிக் கொடுத்ததை எண்ணி வாங்க வேண்டும்.

நான்கு: வைத்தியப் பரிசோதனைச் சீட்டின் நகல் தொழிலாளி கையில் இருக்க வேண்டும்.

ஐந்து: அதிகாரி சொல்லாமல் வரவேண்டும், மானேஜர் இல்லாமல் நம்மிடம் பேச வேண்டும், அறிக்கையைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

ஆறு: ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டம் சட்டத்தின் கணக்கிலேயே வராது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் பல்லாயிரம் சிறு விவசாயிகள் நம் எதிரிகள் அல்ல. பச்சை இலைக்கு விலை இல்லாமல் தவிக்கும் உழைப்பாளிகள். அவர்களுக்கும் அவர்களிடம் நாள்கூலிக்கு மருந்தடிப்பவனுக்கும் பாதுகாப்பு உடை தருவது சர்க்கார் பொறுப்பு. கூட்டுறவுத் தேயிலை ஆலைதோறும் காலி டப்பா சேகரிக்கும் இடம் அமைக்கட்டும்.

இவை புரட்சிக் கோரிக்கைகள் அல்ல. பெரும்பாலானவை அவர்கள் எழுதிய சட்டத்திலேயே இருப்பவை. அதையே நிறைவேற்ற மறுக்கிறார்கள் என்றால், அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்று நாம் தெரிந்துகொள்வோம்.

மே முதல் நாள் கிராம சபை கூடும் நாள். கொடி ஏற்றிவிட்டுக் கலைந்து போகவேண்டாம். வாசலில் கிடக்கும் காலி கேன்களை எண்ணுங்கள். டப்பாவின் நிறத்தையும் பெயரையும் எழுதுங்கள். அந்தக் கணக்கைச் சபையில் வைத்துத் தீர்மானம் போடுங்கள். கேனைத் தொடுமுன் கையுறை போட மறக்காதீர்கள். கையுறை இல்லையென்றால் அதையே முதல் தீர்மானமாக எழுதுங்கள்!

கிண்டிக்குக் கண் தெரியவில்லை என்றால் கீழ் கோத்தகிரி காட்டட்டும்!