சிற்றெஞ்சினும் மாணாக்கர் பயிற்சியும்

ரேடியோ அலைகளால் தூரத்திலிருந்து செலுத்தப்படும் சிறு லாரிகள் இருவகைப்படும். ஒன்று மின்கலத்தால் ஓடுவது. மற்றொன்று தன்னுள் மெய்யான எஞ்சின் ஒன்றைக் கொண்டு, எரிபொருளை உண்டு புகை கக்கி ஓடுவது. பின்னதனை 'நைட்ரோ வண்டி' என்று வழங்குவர். பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள நாவலூரிலும், அதனையடுத்த சிறுசேரி, தாழம்பூர் முதலிய இடங்களிலும், அடுக்குமாடி வீடுகளுக்கு இடையே இன்னும் கட்டடம் எழாத மனைகள் உள. அத்தகைய வெளிகளில் இளைஞர் சிலர் இவ்வண்டிகளை ஓட்டக் கண்டிருக்கின்றோம். ஓட்ட முயன்று, ஓடாமையால் மனஞ்சலித்து நிற்கக் கண்டது அதனினும் அதிகம். மிக்க விலை கொடுத்து வாங்கிய புது எஞ்சின் முதல் நாளே பாழாவதற்குக் காரணம் யாது? அதனைத் தடுக்கக் கலாசாலைகள் செய்யத்தக்கது யாது? இவ்விரண்டு வினாக்களையும் பற்றி எமது அபிப்பிராயத்தை நேயர்கள்முன் வைக்க விரும்புகின்றோம்.

முதற்கண் இவ்வெஞ்சினின் இயல்பை அறிதல் வேண்டும். இதன் கொள்ளளவு பெரும்பாலும் 2.5 முதல் 3.5 கன சென்டிமீட்டர் வரை. நம் நாட்டில் 1980இல் வெளிவந்து சிற்றூர்தோறும் பரவிய டிவிஎஸ் 50 வண்டியின் எஞ்சினோடு ஒப்பிடின், இஃது அதில் பதினான்கில் ஒரு பங்குக்கும் மேற்படாது. ஆயினும் நிமிஷத்திற்கு 30,000 சுற்றுக்கு மேல் சுழலவல்லது. அஃதாவது நாம் 'ஒன்று' என்று எண்ணி முடிக்குமுன் 500 சுற்றுச் சுற்றிவிடும். பெட்ரோல் எஞ்சினைப்போல் இதற்கு மின்பொறி கிடையாது. குளோ பிளக்கு என்னும் சிறு திருகினுள் பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருள் ஒன்று உண்டு. தொடக்கத்தில் ஒன்றரை வோல்ட் மின்கலத்தால் அதனைச் சிவக்கக் காய்ச்சுகின்றோம்; எஞ்சின் ஓடத் தொடங்கியபின் மின்கலத்தை எடுத்துவிட்டாலும், எரிதலின் வெப்பத்தாலும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேற்படும்போது நிகழும் இரசாயனச் செய்கையாலும் அச்சுருள் தானே கனன்றுகொண்டிருக்கும். இவ்வமைப்பை 1947இல் அமெரிக்க நாட்டு ரே ஆர்டன் என்பார் விற்பனைக்குக் கொணர்ந்தார். எரிபொருளோ, மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் என்னும் மூன்றின் கலவை. அவ்வெண்ணெயில் ஒரு பகுதியாக ஆமணக்கெண்ணெய் இன்றும் சேர்க்கப்படுகிறது. முதல் உலகப் போரில் பறந்த விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கும் அதுவே எண்ணெயாயிருந்தது. நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த அவ்வெண்ணெய், கடுஞ்சூட்டிலும் உலோகத்தைவிட்டு எளிதில் அகலாதது.

நிற்க. புது எஞ்சினைக் கையால் இழுத்துப் பார்ப்பவர், உந்து தன் மேலெல்லையை எட்டும்போது இறுகிப் பிடித்துக்கொள்வதைக் கண்டு, பழுதென்று எண்ணி மிரளுவர். அது பழுதன்று, செய்தோரின் கருத்தே அது. அலுமினிய உந்து, குரோமியம் பூசிய பித்தளை உறையினுள் இயங்குகிறது. அவ்வுறை மேல்நோக்கிச் சிறிதே குறுகும்படி கடையப்பட்டிருக்கும். எஞ்சின் சூடேறும்போது உறையின் மேற்பகுதி விரிந்து, அளவு சரியாகும். ஆகையால் முதல் நான்கைந்து தொட்டி எரிபொருளை, வண்டியை விரட்டாமல், எரிபொருள் சற்று மிகுந்த கலவையில், மெல்ல ஓட்டியே செலவழித்தல் வேண்டும். ஒவ்வொரு தொட்டியும் தீர்ந்தபின், உந்தைக் கீழெல்லையில் நிறுத்தி முழுதும் ஆறவிடுதல் வேண்டும். மேலெல்லையில் நிறுத்தினால் உறை குளிர்ந்து சுருங்கும்போது உந்தை நெரிக்கும். இளஞ்சூட்டிலேயே ஓட்டினால் நலமென்று சிலர் கருதுவதும் பிழை. சூடேறாத உறை விரியாது. விரியாத உறையில் உந்து தேயும். எஞ்சினின் தலை ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வெப்பத்தை எய்தியே பழகுதல் நன்று. புது லாரியின் பின்புறத்தில் 'ரன்னிங் இன்' என்று எழுதி மெதுவாகச் செலுத்திய காலத்தை மூத்தோர் நினைவு கூர்வர். அந்த நியாயமே இதற்கும்.

இனி, கலவையைப் பற்றிச் சில சொல்வோம். ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய அதன் நிறைபோல் 14.7 மடங்கு காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 மடங்கு போதும், நைட்ரோமீத்தேனுக்கோ 1.7 மடங்கே போதும். சிறிய எஞ்சினினின்று பெரிய வலிமை பிறப்பதன் இரகசியம் இதுவே. கார்பரேட்டரிலுள்ள ஊசி வால்வைத் திறந்தால் எரிபொருள் மிகும், மூடினால் குறையும். முன்னதை மெக்கானிக்குகள் 'ரிச்' என்பர். பின்னதை 'லீன்' என்பர். ஊசியை மூட மூட வேகம் ஏறுவது உண்மை. அவ்வேகத்தில் மயங்கியே பலர் எஞ்சினை இழக்கின்றனர். ஏனெனில் இவ்வெஞ்சினுக்குத் தனியே எண்ணெய்த்தொட்டி கிடையாது. எண்ணெய் எரிபொருளோடுதான் வருகிறது. குளிர்ச்சியும் பெரும்பகுதி எரிபொருளாலேயே வருகிறது. ஆகவே எரிபொருளைக் குறைப்பவன், எஞ்சினின் உணவையும் நீரையும் மருந்தையும் ஒருங்கே குறைத்தவனாகின்றான்.

எஞ்சினே தன் நிலையைச் சொல்லவும் செய்கிறது. நீலவெண் புகை தடித்து எழுந்து, வண்டி சோம்பலாய் நகர்ந்து, புகைக்குழாய் எரிபொருளைத் துப்பினால் கலவை மிகை. புகை அற்றுப்போய், விசையைத் தளர்த்திய பின்னும் சுழற்சி இறங்காமல் உயர்ந்தே நின்று, முழு வேகத்தில் திடீரென மூச்சடைத்தாற்போல் நின்றால் கலவை குறை. எஞ்சினின் தலையில் ஒரு துளி நீர் விட்டால், அது சில விநாடி கொதித்து மறைதல் நன்னிலை. பட்டவுடனே சீறிப் பறந்தால் உடனே நிறுத்துதல் கடமை. மெல்ல ஓடும்போது கார்பரேட்டருக்குச் செல்லும் எரிபொருட் குழாயை விரலால் நெரித்தால், சுழற்சி சிறிதே உயர்ந்து இரண்டு மூன்று விநாடியில் எஞ்சின் அவிதல் வேண்டும். உடனே அவிந்தால் குறை. நெடுநேரம் ஓடினால் மிகை.

நம் ஊர்க் காலநிலையும் இதிற் பங்கு கொள்கிறது. சித்திரை வைகாசி வெயிலில், கடற்காற்றின் ஈரமுஞ் சேர, காற்று இளகி அதிலுள்ள பிராணவாயு குறைகிறது. மார்கழிக் காலையிலோ காற்று குளிர்ந்து செறிகிறது. கோடையில் சரியாயிருந்த ஊசியை அப்படியே வைத்து மார்கழியில் ஓட்டினால், காற்று மிகுந்து கலவை குறைப்பட்டுவிடும். 'குளிர்காலந்தானே, எஞ்சின் சூடேறாது' என்று நம்பியவன் எஞ்சினைச் சுட்டுவிடுகின்றான். அன்றியும் நாவலூர் மனைகளின் மணலும், கட்டட வேலையின் சிமிட்டித் தூசியும் உந்தை அரைக்கும் அரம்போன்றவை. காற்று வடிகட்டியின் கடற்பஞ்சைக் கழுவி, எண்ணெய் தோய்த்து இடாமல் ஒரு தொட்டிகூட ஓட்டலாகாது.

எஞ்சின் நின்றுபோனால் ஆராயும் முறை யாது? நம் இளைஞர் உடனே ஊசியைத் திருகுவர். பயனின்றேல் மற்றோர் ஊசியைத் திருகுவர். பின் பிளக்கை மாற்றுவர். இறுதியில் எஞ்சினை நிந்திப்பர். நான்கையும் ஒருங்கே மாற்றியவன், எது குற்றமென்பதை அறியவே முடியாது. எளியதினின்று அரியதற்குச் செல்லுதலே முறை. எரிபொருள் புதியதா, மூடி திறந்து கிடந்து ஈரம் உறிஞ்சியதா என்று முதலிற் பார்த்தல். பிளக்கைக் கழற்றி மின்கலத்தில் வைத்துச் சுருள் கனல்கின்றதா என்று பார்த்தல். எரிபொருட் குழாயில் குமிழி ஓடுகின்றதா, கார்பரேட்டரின் அடியிலோ பின்தகட்டிலோ காற்றுக் கசிவு உண்டா என்று பார்த்தல். இழுகயிறு இறுகி நின்றால், எரிபொருள் உள்ளே நிரம்பிவிட்டதென்று அறிந்து, வலிந்து இழாமல், பிளக்கை நீக்கி வண்டியைக் கவிழ்த்து வடித்தல். இவை யாவும் முடிந்த பின்னரே ஊசியைத் தொடுதல். தொடும்போதும், செய்தோர் குறித்த அளவுக்கு முதலில் மீட்டு, உயர்வேக ஊசியை முன்னும் தாழ்வேக ஊசியைப் பின்னுமாக, ஒருமுறைக்கு எட்டிலொரு சுற்றுக்கு மேற்படாமல் திருப்பி, ஓட்டிப் பார்த்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுதல்.

இங்கேதான் எமது கருத்து நிற்கிறது. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுக. மாற்றியதன் பயனைக் கண்டபின் அடுத்ததற்குச் செல்க. கண்டதை எழுதுக: இம்மூன்றுமே விஞ்ஞானத்தின் உயிர். இதனைப் பரீட்சைக்குப் பாடம் ஒப்பிக்கும் மாணாக்கன் சொல்லவல்லான். செய்யவல்லனோ என்பதே கேள்வி. நம் பரிசோதனைச் சாலைகளிற் பெரும்பாலான சோதனைகளுக்கு முடிவு முன்னரே தெரியும். முடிவு தெரிந்த சோதனையில் பொறுமைக்கு இடமில்லை. இச்சிற்றெஞ்சினோ பொய்யான குறிப்பை ஏற்காது. பிழைத்த ஊகத்திற்கு அந்தக் கணத்திலேயே தண்டனை விதிக்கும். சரியான ஊகத்தை ஓசையினாலேயே ஒப்புக்கொள்ளும். செவியாலும் மூக்காலும் விரலாலும் எஞ்சினின் நோயறிந்த ஆட்டோ மெக்கானிக்குகள் நம் தெருக்களில் பலர் இருந்தனர். டூ ஸ்ட்ரோக் வண்டிகள் மறைய, அவர்தம் வித்தையும் எழுதப்படாமலே மறைந்து வருகிறது.

இதற்கு ஆட்சேபங்கள் எழும். இது செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருளன்றோ எனின், ஒவ்வொருவனும் ஒன்று வாங்கினால் அவ்வாறே. கலாசாலைக்கு ஒன்று இருப்பின் இருபது மாணாக்கர் அதிற் பயில்வர், கையிற் பணமில்லாதவனும் அவர்களுள் ஒருவனாவான். மின்கல வண்டி வந்தபின் புகைவண்டி ஏன் எனின், போக்குவரத்திற்கு மின்சாரமே மேலென்பதை யாமும் ஒப்புகின்றோம். இவ்வெஞ்சினின் இரைச்சலும் புகையும் குடியிருப்புகளின் நடுவே தகாதவை என்பதும் மெய். யாம் கோருவது ஊரெங்கும் இவ்வண்டிகள் ஓடவேண்டுமென்பதன்று. எரிதல், உராய்வு, வெப்பம், கலவை ஆகிய நான்கையும் ஒரு கைப்பிடியளவில் காட்டும் ஆசிரியன் ஒருவனைப் பட்டறையில் அமர்த்தவேண்டுமென்பதே.

மூன்றாம் ஆட்சேபம் மிகவும் கனமானது. அதனை யாம் இலேசாகக் கொள்ளோம். எரிபொருளிற் பெரும்பங்கு மெத்தனால் என்றோம். அது கொடிய நஞ்சு. 10 மில்லிலிட்டர் அளவே கண்ணொளியைப் போக்கவல்லது. உடலினுள் அது பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணரம்பைக் கெடுக்கிறது. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்தும், நம் செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மாண்டோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். அத்தகைய திரவம் விடுதியறையின் கட்டிலுக்கடியில், பெயர்ச்சீட்டில்லாத தண்ணீர்ப் புட்டியில் இருத்தல் தகுமா? அன்றியும் மெத்தனாலின் சுவாலை பகலொளியில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. பற்றியெரிவதை அறியாமலே கையை நீட்டுவார் உண்டு.

இவ்வாட்சேபம் எமது கோரிக்கைக்கு மாறானதன்று, அதற்குத் துணையானதே. தடுத்துவிட்டால் இளைஞர் விட்டுவிடுவர் என்று எண்ணுதல் வீண். அவர் மொட்டைமாடிக்கும் வெற்றுமனைக்கும் போவர். ஆகையின், தென்புறநகர்க் கலாசாலைகள் ஒவ்வொன்றும் பௌதிக அல்லது இரசாயனப் பகுதியின் பொறுப்பில் ஒரு சிறு எஞ்சின் மேடை அமைத்தல் வேண்டும். எரிபொருளைச் சட்டப்படி பெற்று, பூட்டிய அலமாரியில் வைத்து, மில்லிலிட்டர்க் கணக்கோடு எழுதித் தருதல் வேண்டும். கையுறையும் கண்காப்பும் இன்றி எவரும் அணுகலாகாது. மேடையிற் புது எஞ்சினைப் பழக்கி முடித்து, குறிப்பேட்டை ஆசிரியரிடம் காட்டியவனே வண்டியை மைதானத்தில் ஓட்டத் தகுதியுடையான் என்று விதித்தல் வேண்டும். 1949இல் குரோம்பேட்டையில் சி. ராஜம் நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரி நம் அருகிலேயே உளது. அதன் விமானப் பொறியியற் பகுதியில் அப்துல் கலாம் பயின்றார். அத்தகைய அயற்கலாசாலைகளின் துணையை நாடுதலும் அரிதன்று.

பழைய மாணவர்களுள் எஞ்சின் தொழிலில் வாழ்வோர் பலர் இருத்தல் கூடும். ஓர் எஞ்சினும் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலும் அவர்கள் கலாசாலைக்கு ஈந்தால், இம்முயற்சி அடுத்த ஆண்டே தொடங்கும். மாணாக்கருக்கு யாம் சொல்வது ஒன்றே: முதல் ஐந்து தொட்டிகளைப் பொறுமையோடு செலவழித்தவனுக்கு அவ்வெஞ்சின் நெடுங்காலம் உழைக்கும், முதல் மணியிலேயே முழு வேகத்தை வேண்டியவனுக்கு எஞ்சுவது சுட்ட உந்தும் கீறிய உறையுமே.