மலை வீட்டில் ஒரு வெப்ப அறை



முக்கொம்பில் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் நான், வியர்ப்பதற்கென்றே ஓர் அறை கட்டுவதைப் பற்றி எழுதினால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் என் நாத்தனார் இருப்பது ஊட்டிப் பக்கம். மார்கழி, தை விடியற்காலையில் அங்கே புல்லெல்லாம் உறைபனி.

"அண்ணி, தோட்டத்தில் சௌனா கட்டணும்னு இவர் ஒரே பிடிவாதம். நீங்க வந்து பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று போனில் கூப்பிட்டாள். போனேன்.

சௌனா பின்லாந்து நாட்டு வழக்கம். 2020-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. நம் நொச்சி வேது ஈரச் சூடு. இது வறண்ட சூடு. மரப்பலகை அறைக்குள் அடுப்பின் மேல் கற்களை அடுக்கிக் காயவைத்து, 80, 90 டிகிரி சூட்டில் உட்காருவார்கள். இடையிடையே கல்லின் மேல் ஒரு கரண்டி தண்ணீர் விட்டால் குப்பென்று ஆவி எழும்.

வேலைக்கு வந்தவர் சுலப வழி சொன்னார்: "பலகை அறை போதும்மா. நடுவிலே ஒரு கரி அடுப்பு வச்சுடலாம். செலவு மிச்சம்."

எனக்குத் திக்கென்றது. தலைச்சன் பிள்ளை பெற்று அம்மா வீட்டில் இருந்தபோது ஐப்பசி அடைமழை. பச்சை உடம்பாயிற்றே என்று ஜன்னலையெல்லாம் சாத்தி, அறைக்குள் கரிச்சட்டி வைத்தார்கள். சிறிது நேரத்தில் தலைவலி, குமட்டல். எழுந்தால் கால் துவண்டது. குழந்தையோ அழக்கூட இல்லை. அப்பாயி உள்ளே வந்து பார்த்து, கதவைத் திறந்து எங்கள் இருவரையும் திண்ணைக்குக் கொண்டுவந்தார். பிழைத்தோம். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார்.

அதனால் நாங்கள் மூவரும் உட்கார்ந்து முடிவு செய்தவை இவை:

அடுப்பு: மின்சாரம் அல்லது புகைபோக்கி உள்ள இரும்பு விறகு அடுப்பு, கரிச்சட்டி கூடவே கூடாது. 6 அடிக்கு 5 அடி, 7 அடி உயர அறைக்குச் சுமார் 6 கிலோவாட் மின் அடுப்பு வேண்டும். சாதாரண பிளக் அதைத் தாங்காது. தனி ஒயரும் எர்த்தும் போடவேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும் இடமானால் விறகு அடுப்பே மேல். புகைபோக்கி கூரைக்கு மேலே போகவேண்டும். வாயு அலாரம் ஒன்றும் மாட்டவேண்டும்.

காற்று: அடுப்பருகே கீழே ஒரு துவாரம், எதிர்ச்சுவரில் மேலே ஒன்று. குளிருகிறதே என்று துணியால் அடைக்கக் கூடாது.

கதவு: வெளிப்பக்கம் தள்ளித் திறக்கவேண்டும். தாழ்ப்பாளே வேண்டாம்.

மரம்: உள்ளே பெயிண்ட், வார்னிஷ், பிளைவுட் எதுவும் ஆகாது, சூட்டில் நெடி கிளம்பும். பிசின் வடியும் பலகையும் உடம்பைச் சுடும். மலை மழைக்குத் தரையைக் கல் கட்டி உயர்த்தி, கூரையை நன்றாக வெளியே இறக்கவேண்டும்.

கல்: நான் ஆசையாகக் காவிரிக் கூழாங்கல் ஒரு பை கொண்டுபோயிருந்தேன். ஆற்றுக் கல்லுக்குள் ஈரம் தங்கியிருக்கும், சூட்டில் வெடித்துச் சிதறலாம் என்று நாத்தனார் வீட்டுக்காரர் விளக்கினார். அந்தக் கல் இப்போது ரோஜாத் தொட்டியில் இருக்கிறது!

இடம்: வீட்டிலிருந்து பத்து, பதினைந்து எட்டுக்குள். வியர்த்த உடம்போடு பனியில் வெகுதூரம் நடக்கலாமா?

இனி, யார் உள்ளே போவது? நாத்தனாரின் மருமகளுக்கு இது மூன்றாம் மாதம். அவளுக்கும் ஆசைதான். கர்ப்பத்தில், முக்கியமாக முதல் மூன்று மாதங்களில், உடம்பு அதிகம் சூடாவது கருவுக்கு நல்லதல்ல. "உனக்கு வெந்நீரில் கால் நனைச்சாப் போதும், கண்ணு" என்று சொல்லிவிட்டேன். இதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே போகவேண்டும். கைக்குழந்தைகளைக் கொண்டுபோகவே கூடாது. மற்றவர்களுக்கும் முதலில் பத்து நிமிஷம் போதும். முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்கவேண்டும். மது அருந்திவிட்டுப் போகக் கூடாது.

சௌனா கட்டப்போகிறவர்கள் நம்மில் ஒருவரோ இருவரோதான். ஆனால் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் லீவில் போகாதவர் யார்? குளிர் தாங்காமல் அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கரி அடுப்பை எடுத்து வைக்காதீர்கள். இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிப் போர்த்திக்கொள்ளுங்கள்.